லேப் மேசையில் தொடங்குங்கள்: பொறியியல் மாணவரை வேலைக்குத் தயாராக்க ஒரு துறை செய்ய வேண்டியவை

மூன்றாம் செமஸ்டர் லேப் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து மேசை, மேசைக்கு மூன்று பேர். வயர் போடத் தெரிந்த ஒருவர் போடுகிறார். அடுத்தவர் ரீடிங்கைக் குறிக்கிறார். மூன்றாமவர் போன வார ரெக்கார்டு நோட்டை சீனியரின் நோட்டைப் பார்த்து முடித்துக்கொண்டிருக்கிறார். ரீடிங் சரியாக வராவிட்டால் 'மாடல் கிராஃப்' இருக்கவே இருக்கிறது, அதற்கேற்ப எண்களைத் திருத்திவிடலாம். ஆசிரியர் கையெழுத்துப் போடுகிறார். ஆறு செமஸ்டரும் இப்படியே ஓடிய பிறகு, ஏழாம் செமஸ்டரில் பிளேஸ்மென்ட் பயிற்சி என்று ஒரு வாரம் ஆப்டிட்யூட் வகுப்பு நடத்தி என்ன பயன்?

இந்தக் கையேடு தமிழ்நாட்டின் இணைப்புக் கல்லூரிகளில் உள்ள துறைத் தலைவருக்கும் லேப் பொறுப்பாசிரியருக்கும். புதுக் கட்டடமோ, வாசலில் பளபளக்கும் 'சென்டர் ஆஃப் எக்ஸலன்ஸ்' பலகையோ வேண்டியதில்லை. இருக்கிற சிலபஸ், இருக்கிற டைம்டேபிள், இருக்கிற ஆட்களை வைத்தே செய்யக்கூடியவற்றை மட்டும் சொல்கிறோம். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் மின்னணுவியல் துறையிலிருந்து வரும். மற்ற துறைகளுக்கும் வழி அதேதான்.

முதலில் மதிப்பெண்ணைக் கையில் எடுங்கள்

மதிப்பெண் எங்கே இருக்கிறதோ மாணவரின் உழைப்பும் அங்கேதான் போகும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி லேப் பாடத்தில் 60 மதிப்பெண் கல்லூரியின் அகமதிப்பீடு, 40 பல்கலைத் தேர்வு. அந்த 60ஐக் கணக்கிட 75 மதிப்பெண் சோதனைகளுக்கும் 25 மதிப்பெண் ஒரு தேர்வுக்கும் கொடுத்து, 100ஐ 60ஆகக் குறைக்கிறார்கள். அந்த 75ஐ எப்படிப் பிரிப்பது என்பது பெரும்பாலும் லேப் பொறுப்பாசிரியர் தீர்மானிப்பது. இன்று அது ரெக்கார்டு நோட்டின் கையெழுத்து அழகுக்கும் அட்டைக்கும் போகிறது. தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தாலோ வேறு ஒழுங்குமுறை நடப்பில் இருந்தாலோ எண்கள் மாறும். அதைப் பார்த்துக்கொண்டு இதேபோல் பிரியுங்கள்.

ஒரு சோதனைக்குப் பத்து மதிப்பெண் என்று வைத்துக்கொண்டால்: முன்கூட்டிய கணிப்புக்கு 2, மேசையில் அப்போதே எழுதும் லாகுக்கு (குறிப்பேட்டுக்கு) 3, கோளாறு கண்டுபிடிக்க 3, நேரில் கேட்கும் கேள்விக்கு 2. ரெக்கார்டு நோட்டுக்குத் தனி மதிப்பெண் கிடையாது. ஆனால் அதை ஒழிக்கவும் வேண்டாம், எக்ஸ்டர்னல் (வெளித் தேர்வாளர்) வரும்போது கேட்பார். லாகும், அச்செடுத்த கிராஃபும், ஒன்றரைப் பக்க முடிவும் சேர்த்துக் கோத்தால் அதுவே ரெக்கார்டு. முதல் பக்கத்தில் சான்றிதழ் வழக்கம்போல் இருக்கட்டும்.

செமஸ்டரின் முதல் வகுப்பிலேயே இந்தப் பிரிவைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். பாதியில் மாற்றினால் மாணவர்கள் நியாயமாகவே சண்டைக்கு வருவார்கள்.

ஒரு சோதனையைப் பிரித்துப் பார்ப்போம்

எல்லாக் கல்லூரியிலும் இருக்கும் சோதனை: ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபயரும், வோல்டேஜை 5இல் நிலைநிறுத்தும் 7805 ரெகுலேட்டரும் வைத்து 5 வோல்ட் பவர் சப்ளை. வழக்கமாக டிரெய்னர் கிட்டில் நாலு பேட்ச் வயரைக் குத்தி, '5.02 வோல்ட் வந்தது' என்று எழுதி, இருபது நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். அதே சோதனையை மூன்று பிரியட் முழுக்க நடத்தலாம்.

ஒரு மேசைக்குத் தேவையானவை: 230க்கு 9 வோல்ட், 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர், 1என்4007 டையோடு நான்கு, 25 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டர் 1000 மைக்ரோஃபாரட் ஒன்று, 2200 மைக்ரோஃபாரட் ஒன்று, 7805 ஒன்று, ஹீட் சிங்குடன், 0.33 மைக்ரோஃபாரட், 0.1 மைக்ரோஃபாரட் சிறு கெப்பாசிட்டர்கள். லோடுக்கு 10 ஓம், 10 வாட் ரெசிஸ்டர். டிரான்ஸ்ஃபார்மர்தான் செலவு, மற்றதெல்லாம் ரிச்சி தெருவில் சில்லறைக் காசு. 230 வோல்ட் பக்கத்தை ஒரு பெட்டிக்குள் மூடி 250 மில்லியாம்ப் ஃப்யூஸ் போட்டுவிடுங்கள். மாணவர் கை படும் இடத்தில் 9 வோல்ட் மட்டுமே இருக்க வேண்டும்.

பவர் போடுவதற்கு முன் ஒவ்வொருவரும் அரைப் பக்கத்தில் கணிப்பு எழுத வேண்டும். எழுதாதவர் மேசையில் பவர் கிடையாது. கணக்கு இது: 9 வோல்ட்டின் உச்சம் 12.7. இரண்டு டையோடில் 1.4 போனால் 11.3. 5 வோல்ட்டில் 10 ஓம் என்றால் லோடு 0.5 ஆம்பியர். ரிப்பிள் (கெப்பாசிட்டரின் வோல்டேஜ் ஏறி இறங்கும் அளவு) தோராயமாக, லோடு கரண்டை நொடிக்கு 100 தடவையாலும் கெப்பாசிட்டர் அளவாலும் வகுத்தால் வருவது. 1000 மைக்ரோஃபாரட் போட்டால் 5 வோல்ட். ஆக, கெப்பாசிட்டரின் வோல்டேஜ் 11.3க்கும் 6.3க்கும் நடுவே ஏறி இறங்கும். 7805க்கு உள்ளே குறைந்தது 7 வோல்ட் வேண்டும். எனவே ஒவ்வோர் அலையிலும் சிறிது நேரம் அது கை விட்டுவிடும், 5 வோல்ட் கோடு பள்ளம் பள்ளமாகத் தெரியும். 2200 போட்டால் ரிப்பிள் 2.3, அடிமட்டம் 9. பிரச்சினை இல்லை.

இதைத் தாளில் கண்டுபிடித்துவிட்டு ஆசிலோஸ்கோப்பில் (அலையைத் திரையில் காட்டும் கருவி) அந்தப் பள்ளத்தைத் தன் கண்ணால் பார்க்கும் மாணவர், நேர்காணலில் ரெக்டிஃபயர் பற்றிக் கேட்டால் மனப்பாடம் ஒப்பிக்க மாட்டார். மல்டிமீட்டர் மட்டும் வைத்திருப்பவருக்கு அந்தப் பள்ளம் தெரியாது, சராசரியாக 5க்குச் சற்றே குறைவாக ஏதோ காட்டும். அந்த வித்தியாசமும் பாடம்தான், இரண்டிலும் அளக்கச் சொல்லுங்கள்.

அடுத்து வேரியாக்கை (வோல்டேஜை ஏற்றி இறக்கும் கருவி) இணைத்து 230ஐ 200க்கு இறக்குங்கள், கிராமத்து மின்சாரம் மாதிரி. உச்சம் 9.7க்கு வரும். 2200 போட்டிருந்தால் அடிமட்டம் 7.4, மயிரிழையில் தப்பிக்கும். 180க்கு இறக்கினால் அதுவும் போச்சு. 'எத்தனை மைக்ரோஃபாரட் போட்டால் 180லும் நிற்கும்?' என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். விடையைச் சொல்ல வேண்டாம்.

கணிப்பு அப்படியே வராது, வரவும் கூடாது. சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள் லோடு இல்லாதபோது 9க்குப் பதில் பத்து, பத்தரை காட்டும். ரிப்பிளும் கணக்கைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், ஏனென்றால் டையோடு நடத்தும் சிறு நேரத்தில் கெப்பாசிட்டர் காலியாவதில்லை. வித்தியாசத்துக்குக் காரணம் லாகில் இரண்டு வரி எழுதப்பட வேண்டும். கணிப்போடு அச்சுப் பிசகாமல் ஒத்துப்போகும் ரீடிங் வந்தால் சந்தேகப்படுங்கள்.

இதே சோதனையில் வழக்கமாகத் தப்பாகிற இடங்களும் உண்டு. 10 ஓம் ரெசிஸ்டரில் 2.5 வாட் சூடாகும், கால் வாட் ரெசிஸ்டர் போட்டால் புகைதான். ஹீட் சிங்க் இல்லாமல் 7805ஐ ஓட்டினால் அதில் சுமார் இரண்டரை வாட் சேரும். வெறும் உறைக்கு வாட்டுக்கு ஏறக்குறைய 65 டிகிரி ஏறும் என்று டேட்டா ஷீட் சொல்கிறது, அறை வெப்பத்தையும் சேர்த்தால் 190ஐத் தாண்டும் கணக்கு. அதற்கு முன்பே ரெகுலேட்டர் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், மாணவர் 'ஐசி போச்சு சார்' என்று புதுசு கேட்டு வருவார். கொடுக்காதீர்கள். ஆறியதும் மறுபடி ஓடும், ஏன் என்று அவரே கண்டுபிடிக்கட்டும். மூன்றாவதுதான் மோசமானது: ஆசிலோஸ்கோப்பின் ஒரு சேனல் கிரவுண்ட் கிளிப்பை டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு முனையிலும், மற்ற சேனலின் கிளிப்பை டிசி நெகட்டிவ்விலும் மாட்டுவது. இரண்டு கிளிப்பும் உள்ளே ஒன்று. ஒரு டையோடு ஷார்ட் ஆகிறது, அடுத்த அரை அலையில் இன்னொரு டையோடு எரிகிறது. 'ஸ்கோப்பை வைத்தாலே ஃப்யூஸ் போகுது' என்று மாணவர்கள் சொன்னால் பெரும்பாலும் இதுதான். கிளிப் எப்போதும் டிசி நெகட்டிவ்வில் மட்டும் என்று மேசையிலேயே எழுதி ஒட்டுங்கள்.

லாக் எப்படி எழுத வேண்டும்

தைத்த நோட்டு, பக்க எண்ணுடன். பேனாவால் மட்டும். தப்பு வந்தால் ஒற்றைக் கோடு இழுத்து அடிக்கலாம், வெள்ளை மை கிடையாது, தாள் கிழிப்பு கிடையாது. தேதி, நேரம், எந்தக் கருவி, அதன் வரிசை எண், எந்த ரேஞ்ச். 'வேலை செய்யவில்லை' என்று எழுதினால் செல்லாது. 'கெப்பாசிட்டரில் 11.1 வந்தது, 7805 வெளியே 0, உள் முனையில் 0, நடுவில் வயர் திறந்திருந்தது' என்று எழுத வேண்டும். பீரியட் முடியும்போது ஆசிரியர் அந்தப் பக்கத்தில் கையெழுத்திட வேண்டும், அடுத்த வாரம் அல்ல. அடுத்த வாரம் என்றால் வீட்டில் அழகாகத் திருப்பி எழுதிவிடுவார்கள்.

மூன்று பேர் குழுவில் வயர், அளவு, லாக் என்ற மூன்று வேலையும் வாராவாரம் சுற்ற வேண்டும். வருகைப் பதிவேட்டிலேயே யாருக்கு எது என்று குறியுங்கள். இதை மட்டும் விட்டுவிட்டால், நாலு வருடமும் வயரைத் தொடாத மாணவர் எல்லா செமஸ்டரிலும் ஒருவராவது வெளியே போவார், அதுவும் நல்ல சிஜிபிஏவுடன்.

நேரில் கேட்கும் கேள்வியை வகுப்பின் முடிவுக்குத் தள்ளாதீர்கள். முப்பது பேருக்கு மூன்று நிமிடம் என்றாலே ஒன்றரை மணி நேரம். சோதனை நடக்கும்போதே மேசை மேசையாகப் போய், லாக் வைத்திருப்பவரிடம் வயரைப் பற்றியும், வயர் போட்டவரிடம் ரீடிங்கைப் பற்றியும் கேளுங்கள். 'டிஃபைன்' என்று தொடங்கும் கேள்வி வேண்டாம். 'இந்தக் கெப்பாசிட்டரை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? எடுத்துக் காட்டு' போதும்.

கோளாறைத் திட்டமிட்டு வையுங்கள்

வேலையில் சேர்ந்த முதல் நாளே பட்டதாரி எதிர்கொள்வது ஓடாத ஒன்றைத்தான். கல்லூரியில் அவருக்குக் கிடைப்பதோ ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கிட். இந்த இடைவெளியை அடைக்க, ஒவ்வொரு லேபிலும் கடைசி நாற்பது நிமிடம் கோளாறுக்கு ஒதுக்குங்கள். மாணவர்கள் மேசையை விட்டு வெளியே நிற்க, லேப் அசிஸ்டென்ட் ஒவ்வொரு மேசையிலும் ஒன்றை மாற்றிவைப்பார்.

மின்னணு லேபுக்கு நன்றாக வேலை செய்பவை: மல்டிமீட்டரின் மில்லியாம்ப் ஃப்யூஸ் போனது, பவர் கோடு நடுவில் பிரிந்திருக்கும் பெரிய பிரெட்போர்டு, பத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் புரோபைப் போட்டுவிட்டு ஸ்கோப்பை ஒன்றுக்கொன்று என்று அமைத்தது (எனவே எல்லாம் பத்தில் ஒன்றாகத் தெரியும்), ஃபங்ஷன் ஜெனரேட்டர் 50 ஓம் லோடுக்கு அமைந்திருப்பதால் திரையில் காட்டுவதைவிட இருமடங்கு வருவது. எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரைத் திருப்பிப் போடும் விளையாட்டு மட்டும் வேண்டவே வேண்டாம், வெடிக்கும்.

சிவில் துறைக்குக் கோளாறு கருவியில் இருக்காது, செய்முறையில் இருக்கும். 150 மில்லிமீட்டர் கான்கிரீட் கியூபை நசுக்கும் சோதனையில் லோடு ஏறும் வேகம் நிமிடத்துக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 14 நியூட்டன் என்று ஐ.எஸ். 516 என்ற இந்தியத் தரநிலை சொல்கிறது. கியூபின் முகம் 22,500 சதுர மில்லிமீட்டர், ஆக நொடிக்குச் சுமார் 5.25 கிலோநியூட்டன். மதிய உணவுக்கு முன் முடிக்கும் அவசரத்தில் வால்வைத் திறந்துவிட்டால் கியூப் உண்மையைவிட அதிக வலிமை காட்டும். மட்டம் தட்டிய மேல்முகத்தைத் தகட்டுக்கு அடியில் வைத்தால் சமமில்லாத இடத்தில் அழுத்தம் குவிந்து குறைவாகக் காட்டும். அச்சில் பட்ட பக்க முகங்களில்தான் லோடு ஏற்ற வேண்டும். ஒரே கலவையில் வார்த்த கியூப்களை இரண்டு விதமாகவும் நசுக்கச் செய்து, எண்களைக் கரும்பலகையில் போடுங்கள். சைட்டில் தரக்கட்டுப்பாட்டில் நிற்கும்போது 'கான்கிரீட் ஃபெயில்' என்று ஒப்பந்ததாரரோடு மல்லுக்கு நிற்பதற்கு முன் சோதனை எப்படி நடந்தது என்று கேட்கும் பழக்கம் இப்படித்தான் வரும்.

இயந்திரவியலில் சுழியப் பிழை உள்ள வெர்னியர் ஒன்றைப் பெட்டிக்குள் கலந்துவிடுங்கள். அது போதும்.

கணினித் துறைக்குத் தனியாக

இன்று அதிகம் பேர் சேருவது இங்கேதான். இன்னமும் புரோகிராமைக் கையால் ரெக்கார்டில் எழுதி, அவுட்புட்டைப் பென்சிலால் வரையச் சொல்லும் லேப்கள் இருக்கின்றன. அதை இன்றே நிறுத்தலாம், யாரும் வருந்த மாட்டார்கள்.

மூன்றாம் செமஸ்டரின் முதல் இரண்டு லேப் நேரத்தைக் கமாண்ட் லைனுக்கும், நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) மென்பொருளுக்கும் கொடுங்கள். கமிட், பிராஞ்ச், மெர்ஜ். இரண்டு மாணவர் ஒரே வரியை மாற்றி மெர்ஜ் மோதலை வேண்டுமென்றே உண்டாக்கி, அதைத் தீர்க்க வேண்டும். அதன்பின் எல்லா லேபும் கிட் ரெப்போவில்தான் (நிரல் சேமிப்பகத்தில்). வாரம் ஒருமுறை ஒருவர் நிரலை இன்னொருவர் படித்துக் குறைந்தது மூன்று கருத்து எழுத வேண்டும், 'குட்' என்பது கருத்தில் சேராது.

வெறும் தாளிலிருந்து எழுதவைப்பதை விட, பிறர் எழுதிய ஆயிரம் இரண்டாயிரம் வரியைக் கொடுத்து ஒரு பிழையைத் திருத்தச் சொல்வது நல்ல பயிற்சி, ஏனென்றால் வேலையில் முதல் ஆறு மாதம் அதைத்தான் செய்யப்போகிறார்கள். பிழைக்கு ஓர் உதாரணம்: பெயர்ப் பட்டியலை ஒரு பழைய சிஸ்டத்துக்கு அனுப்பும் நிரல், பெயருக்கு 15 பைட் என்று வெட்டுகிறது. ஆங்கிலப் பெயர்கள் நன்றாக வருகின்றன, தமிழ்ப் பெயர்கள் பாதியில் அறுந்து வருகின்றன. மாணவரைப் பைதானில் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்கச் சொல்லுங்கள். நாம் எண்ணினால் மூன்று எழுத்து. பைதான் 5 என்கிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15 பைட். 'தமிழ்' என்ற பெயர் மட்டும் கச்சிதமாகத் தப்பும், 'தமிழரசி' அறுந்துவிடும். எழுத்து, யூனிகோடு குறியீடு, பைட் மூன்றும் வேறு என்று பாடமாக நடத்தினால் ஐந்து நிமிடத்தில் மறப்பார்கள். தங்கள் பெயரே அறுந்து நிற்பதைப் பார்த்தால் மறக்க மாட்டார்கள்.

சாட்ஜிபிடி போன்றவற்றைத் தடை செய்வது நடக்காத காரியம். நிரல் சரியா என்று பார்க்கும் டெஸ்ட்டுகளை முதலில் மாணவரே எழுதி கமிட் செய்ய வேண்டும், நிரல் பிறகு எங்கிருந்து வந்தாலும் சரி என்று வையுங்கள். பிறகு ஆசிரியர் திரையைப் பார்த்து ஒரு நிபந்தனையை மாற்றச் சொல்வார். அந்த இடத்தில், உதவி இல்லாமல், பத்து நிமிடத்தில். முடியாதவருக்கு அந்த வாரம் சுழியம்.

புராஜெக்ட்: விலைக்கு வாங்குவதை நிறுத்தும் வழி

கல்லூரி வாசலிலிருந்து பேருந்து நிலையம் வரை 'ஃபைனல் இயர் புராஜெக்ட்ஸ்' பலகைகள் தொங்குவதற்குக் காரணம் மாணவரின் சோம்பல் மட்டுமில்லை. கடைசி செமஸ்டரில் வாரத்துக்கு இருபது பிரியட் ஒதுக்கப்பட்டிருந்தாலும், தலைப்பு தேர்வதற்கே ஒரு மாதம் போகிறது. அதற்குள் முதல் ரிவ்யூ வந்துவிடுகிறது. எனவே தலைப்பை ஆறாம் செமஸ்டர் முடிவிலேயே முடித்துவிடுங்கள்.

தலைப்பு கல்லூரியிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் ஒரு பிரச்சினையாக இருக்கட்டும். விடுதித் தண்ணீர்த் தொட்டி வழிவது, கேன்டீன் டோக்கன் வரிசை, கல்லூரியின் மின்கட்டணத்தில் பவர் ஃபேக்டர் அபராதம். கோவை என்றால் பம்பு, ஃபவுண்டரி பட்டறைகள். திருப்பூர் என்றால் பின்னலாடை. ஓசூர் என்றால் வாகன உதிரிபாகம். சென்னை என்றால் அம்பத்தூர் தொழிற்பேட்டை. முதலாளியிடம் 'புராஜெக்ட் இருக்கா சார்?' என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். 'போன மாதம் எந்த வேலையை இரண்டாவது தடவை செய்ய வேண்டி வந்தது?' என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவார்.

தலைப்பை ஏற்கும் முன் ஓர் எண்ணைக் கேளுங்கள். தொட்டி வாரத்துக்கு எத்தனை தடவை வழிகிறது, ஒரு தடவைக்கு எத்தனை நிமிடம்? அந்த எண் இல்லாமல் 'ஐஓடி அடிப்படையிலான ஸ்மார்ட்' என்று தொடங்கும் எதையும் திருப்பி அனுப்புங்கள். பூஜ்ஜிய ரிவ்யூவில் காட்ட வேண்டியது பிபிடி இல்லை: இரண்டு வாரம் மாணவர்களே போய் எடுத்த அளவுக் குறிப்பு. முதல் ரிவ்யூவில் மிகச் சிறிதாக, அசிங்கமாக இருந்தாலும் சரி, ஓடும் ஒன்று. இரண்டாம் ரிவ்யூவில் அதை எப்படி உடைத்துப் பார்த்தார்கள் என்ற பட்டியல். கடைசியில் அதே எண்ணைத் திரும்ப அளந்து, முன்னும் பின்னும்.

தொட்டியையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் எளிது போலத் தெரிந்து எல்லோரையும் கவிழ்ப்பது இதுதான். எச்சி-எஸ்ஆர்04 அல்ட்ராசானிக் சென்சாரை மூடியில் திருகி ஈஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலருடன் இணைப்பார்கள். மேசையில் பிரமாதமாக ஓடும். தொட்டியில் ஒரு வாரத்தில் சென்சார் முகத்தில் நீராவி படிந்து தாறுமாறாகக் காட்டத் தொடங்கும். நீர் புகாத ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டிக்கு மாறுவார்கள். அதன் முகத்துக்கு நேர் முன்னால் ஏறக்குறைய 20 முதல் 25 சென்டிமீட்டர் வரை எதையும் அளக்க முடியாத குருட்டுப் பகுதி, எனவே தொட்டி நிரம்பும் நேரத்தில்தான் அது தவறாகக் காட்டும். நிரம்பிய மட்டத்துக்கு மேலே 30 சென்டிமீட்டர் உயர்த்தி ஒரு குழாயில் பொருத்த வேண்டும். சென்சாரின் எக்கோ முனை 5 வோல்ட், ஈஎஸ்பி32 தாங்குவது 3.3, 1 கிலோஓமும் 2 கிலோஓமும் போட்டுப் பிரித்தால் சரியாக 3.3 வரும். இதை விட்டால் சில நாள் ஓடும், பிறகு காரணம் தெரியாமல் அந்தப் பின் செத்துப்போகும். இனி வெயில்: ஒலியின் வேகம் 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர், 40 டிகிரியில் 355. சென்சார் நூலகம் 343 என்று வைத்திருந்தால் மே மாதம் மதியம் 2 மீட்டர் தூரத்தில் 7 சென்டிமீட்டர் பிழை. ஒரு வெப்ப சென்சார் சேர்த்தால் தீர்ந்தது. இந்த நாலு கோளாறையும் கடந்து வந்த குழுவிடம் நேர்காணல் எடுப்பவர் அரை மணி நேரம் சலிக்காமல் பேசலாம். விலைக்கு வாங்கியவர்களிடம் இதில் ஒன்றுகூட இருக்காது.

வாங்கியதா செய்ததா என்று பார்க்கவும் அதுவே வழி. 'தோற்றுப்போன முதல் வடிவம் எங்கே?' என்று கேளுங்கள். எரிந்த போர்டு, அடித்த லாக், பழைய கமிட், கடை ரசீது, ஏதோ ஒன்று இருக்கும். ஒன்றுமே இல்லாமல் பளபளவென்று ஒரே பெட்டி வந்தால் விடை தெரிந்துவிட்டது. ஓர் ஆசிரியருக்கு மூன்று குழுவுக்கு மேல் கொடுக்காதீர்கள். ஆறு குழுவை மேய்ப்பவரால் யாரையும் இந்தக் கேள்வி கேட்க முடியாது.

தமிழில் விளக்கி, ஆங்கிலத்தில் எழுதவைத்தல்

தமிழ்வழியில் படித்து வந்த மாணவர் நேர்காணலில் திணறும்போது அதை 'கம்யூனிகேஷன் ஸ்கில்' என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுகிறோம். அதில் பாதி, விஷயமே தெளிவாக இல்லாதது. முதலில் கோளாறைத் தமிழில் தடையில்லாமல் விளக்கட்டும். பிறகு வாரம் ஒரு மின்னஞ்சல், ஆங்கிலத்தில், ஐந்தே வரி: என்ன செய்ய முயன்றோம், என்ன எதிர்பார்த்தோம், என்ன நடந்தது, என்னென்ன பார்த்துவிட்டோம், என்ன உதவி வேண்டும். ஆசிரியர் இலக்கணத்தைத் திருத்த உட்காராமல், படித்தால் பிரச்சினை புரிகிறதா என்று மட்டும் பார்க்கட்டும். ஒரு செமஸ்டருக்குப் பதினைந்து மின்னஞ்சல் ஆகும். 'டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்' மனப்பாடத்தை விட இது உதவும்.

வெளிச் சான்றிதழ்கள், பயிற்சிகள்

2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பாடங்களை வருகைப் பதிவுக்காக ஓட்டாமல், புராஜெக்ட் தலைப்போடு பொருந்துவதை எடுக்கச் சொல்லுங்கள். ஐஐடிகளின் இணையவழித் தளமான என்பிடிஇஎல்லின் பாடம் ஒரு செமஸ்டருக்கு ஒன்று போதும், அதுவும் தன் துறையின் அடிப்படைப் பாடம். 25 மதிப்பெண் அசைன்மென்ட்டும் 75 மதிப்பெண் நேரடித் தேர்வும் கொண்டது அது. அசைன்மென்ட் விடை வாட்ஸ்ஆப்பில் சுற்றும், தேர்வு மதிப்பெண்ணை மட்டும் பாருங்கள்.

இன்டர்ன்ஷிப் சான்றிதழ் இரண்டாயிரம், மூவாயிரத்துக்கு விற்கும் இடங்களுக்கு ஓ.டி. (வருகைச் சலுகை) கொடுக்காதீர்கள். நல்ல இன்டர்ன்ஷிப்பில் மூன்று இருக்கும்: தினக்குறிப்பு, பெயர் சொல்லக்கூடிய ஒரு மேற்பார்வையாளர், முடிவில் அங்கேயே விட்டுவிட்டு வந்த ஏதாவது ஒரு வேலை.

கேம்பஸில் வேலை கிடைக்காதவர்களுக்கு அப்ரென்டிஸ் வழி ஒன்று இருக்கிறது, பல துறைகள் அதைச் சொல்வதே இல்லை. மத்திய அரசின் நேட்ஸ் (தேசிய அப்ரென்டிஸ் பயிற்சித் திட்டம்) தளத்தில் பட்டதாரிகள் பதிவு செய்யலாம். ஓராண்டுப் பயிற்சி, மாதந்தோறும் உதவித்தொகை, முடிவில் அரசுச் சான்றிதழ். தெற்கு மண்டலத்துக்கான அப்ரென்டிஸ்ஷிப் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. கடைசி செமஸ்டர் மார்ச்சிலேயே முழு வகுப்பையும் ஒரே நாளில் உட்காரவைத்து இதை விளக்கிவிடுங்கள், பட்டம் முடிந்ததும் பதிவு செய்யட்டும்.

லேப் அசிஸ்டென்ட்டும் இழுப்பறையும்

மேலே சொன்னதெல்லாம் நின்றுபோவது பெரும்பாலும் ஓர் ஃப்யூஸ் இல்லாததால். இன்டென்ட் போட்டு, மூன்று கையெழுத்து வாங்கி, கொட்டேஷன் பெற்று, ஃப்யூஸ் வருவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும். லேப் பொறுப்பாசிரியர் கையில் சிறு தொகை முன்பணமாக இருக்க வேண்டும், ரசீதைப் பிறகு ஒப்படைக்கட்டும். இழுப்பறையில் எப்போதும் இருக்க வேண்டியவை: மீட்டர் ஃப்யூஸ், 9 வோல்ட் பேட்டரி, புரோப், டையோடு, 7805, கிரொகடைல் கிளிப். திங்கள் காலை அரை மணி நேரம் லேப் அசிஸ்டென்ட் எல்லா மீட்டரையும் தெரிந்த ஒரு வோல்டேஜில் சோதித்து, கெட்டதற்குச் சிவப்பு நாடா ஒட்டுவார். கோளாறு வைக்கும் வேலையையும் அவரிடமே கொடுங்கள். பல கல்லூரிகளில் அந்த லேபில் உண்மையில் பழுது பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

பலன் தெரிகிறதா?

பிளேஸ்மென்ட் சதவீதத்தை அளவுகோலாக எடுக்காதீர்கள். சந்தை இறங்கினால் அதுவும் இறங்கும், உங்கள் வேலை நல்லதா கெட்டதா என்று சொல்லாது. சி.ஓ.-பி.ஓ. (பாட விளைவு, பட்ட விளைவு) மேப்பிங் அட்டவணையை, படிப்புக்கு அங்கீகாரம் தரும் என்பிஏ குழு வருவதற்கு முந்தைய வாரம் நிரப்புவதும் எதையும் சொல்லாது.

ஆண்டுத் தொடக்கத்தில் வகுப்பிலிருந்து குலுக்கல் முறையில் முப்பது பேரை எடுங்கள். ஒவ்வொருவரும் தனியாக, நாற்பது நிமிடத்தில், மேலே சொன்ன ரெக்டிஃபயரைக் கட்டி ரிப்பிளை அளக்க வேண்டும். மதிப்பெண் இல்லை என்று முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒத்திகை பார்த்துக்கொண்டு வருவார்கள். உதவி கேட்காமல் முடித்தவர்களை எண்ணுங்கள். முதல் தடவை வரும் எண் சங்கடப்படுத்தும். அதைத் துறைக் கூட்டத்தில் படித்துவிட்டுக் கோப்பில் வையுங்கள். ஆண்டு முடிவில் வேறு முப்பது பேர், அதே வேலை.

வேலைக்குப் போய் ஓராண்டான பழைய மாணவர்களில் பத்துப் பேருக்குத் தொலைபேசியில் பேசி ஒரே கேள்வி கேளுங்கள்: 'முதல் மூன்று மாதத்தில் எது தெரியாமல் மாட்டிக்கொண்டாய்?' சாஃப்ட் ஸ்கில் என்று பொதுவாகச் சொன்னால் விடாமல், எந்த நாள், எந்த வேலை என்று தோண்டுங்கள். இரண்டு பேர் ஒரே பதிலைச் சொன்னால், வரும் செமஸ்டரின் கோளாறுப் பட்டியலில் அதைச் சேர்த்து லேப் அசிஸ்டென்ட்டிடம் கொடுத்துவிடுங்கள்.